பற்றிக்கொள்ளும் உடலும் பரவிய கடலும்: கேப்ரெல்லா மியூட்டிகா என்னும் எலும்புக்கூட்டு இறால்

கடலுயிர் ஒன்று அதன் பிறப்பிடத்துக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் அப்பால் காணப்படும்போது, அதன் இளம்பருவத்தையும் நீரோட்டத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். நண்டு, சிப்பி, கொட்டலசு போன்றவற்றின் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியேறியதும் நுண்ணிய மிதவை உயிர்களாகிப் பல நாள், சில சமயம் பல வாரம், நீரோட்டத்தோடு போகின்றன. வளர்ந்தபின் ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்கும் உயிருக்கும் வாழ்வின் தொடக்கத்தில் ஒரு பயணம் வாய்த்துவிடுகிறது. எலும்புக்கூட்டு இறால் வகையைச் சேர்ந்த கேப்ரெல்லா மியூட்டிகாவுக்கு அந்தப் பயணம் இல்லை. ஆனாலும் வடகிழக்கு ஆசியாவின் குளிர்ந்த கரையோரத்துக்கு உரிய இவ்வுயிர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் வட அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் குடியேறிவிட்டது. இந்த முரணை விளங்கிக்கொள்ள, உடலமைப்பை ஒரு பக்கமும் பரவலை ஒரு பக்கமும் வைத்துப் படிப்பது போதாது. ஒன்றைக் கொண்டு மற்றதைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் கிடைக்கும் முடிவு இது: இந்த உயிரின் உலக வரைபடம், மனிதர் கடலில் மிதக்கவிட்ட பொருள்களின் வரலாறு. தொலைதூரம் தானாகப் போக முடியாத அதன் உடலமைப்பே, சுமந்து செல்லப்பட்ட இடத்தில் அது நிலைபெறவும் காரணமாயிற்று.

பெயரில் இறால் இருந்தாலும் இது நாம் உண்ணும் இறாலின் நெருங்கிய உறவு இல்லை. ஓடுடைய கணுக்காலிகளில் ஆம்பிபோடா என்னும் வரிசையைச் சேர்ந்தது. கடற்கரை மணலில் துள்ளும் மணல் தத்துப்பூச்சிகளும் அதே வரிசையில் அடங்கும். ஷூரின் என்ற ஆய்வாளர் 1935-இல், ஜப்பான் கடலின் வடமேற்கு ஓரத்தில் விளாதிவஸ்தோக் நகரையொட்டிய மகா பீட்டர் விரிகுடாவின் மாதிரிகளைக் கொண்டு இந்த இனத்தை முதலில் விவரித்தார். ஆண் பெரியது, 35 மில்லிமீட்டரைத் தாண்டியும், சில பதிவுகளில் 50 மில்லிமீட்டர் வரையும் வளரும். பெண் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். குச்சி போல மெலிந்து நீண்ட உடலும், ஒளி ஊடுருவும் வெளிர் செம்மஞ்சள் நிறமும் கொண்ட இவ்வுயிர், பாசியின் கிளையில் அசையாமல் நிற்கும்போது பாசியிலிருந்து பிரித்தறிய அரிது.

இதன் உடலைச் சாதாரண ஆம்பிபாட் ஒன்றோடு ஒப்பிட்டால் எவை இருக்கின்றன என்பதைவிட எவை இல்லை என்பதே முதலில் கண்ணில் படும். சாதாரண ஆம்பிபாட்டுக்கு மார்பில் ஏழு இணைக் கால்கள் உண்டு. அதன் பின்னே, நீந்துவதற்கான துடுப்புக் கால்களைத் தாங்கிய வயிற்றுப் பகுதி உண்டு. கேப்ரெல்லாவில் அந்த வயிற்றுப் பகுதி, உருப்பெருக்கியில் மட்டுமே தெரியும் சிறு குமிழாகச் சுருங்கிவிட்டது. துடுப்புக் கால்கள் அதனோடு போய்விட்டன. மார்பின் மூன்றாம் நான்காம் கணுக்களிலும் கால்கள் இல்லை. அந்த இரு கணுக்களில் கணுவுக்கு ஓர் இணையாகத் தட்டையான செவுள்கள் மட்டும் தொங்குகின்றன. பெண்ணில் அதே இடத்தில் தகடுகள் ஒன்றுகூடி முட்டைப்பையாகின்றன. உடலின் நடுப்பகுதி மூச்சுக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. இடப்பெயர்ச்சிக்கு அங்கே ஓர் உறுப்பும் மிஞ்சவில்லை.

எஞ்சியிருப்பவை இரு முனைகளிலும் குவிந்துள்ளன. தலை முதல் மார்புக் கணுவோடு இணைந்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு இணை உணர்கொம்புகள் நீள்கின்றன. கீழ் இணையில் அடர்ந்த மயிர் வரிசை உண்டு. நீரில் மிதந்துவரும் துகள்களை அம்மயிர்கள் வடிகட்டிப் பிடிக்கின்றன. முதல் இரண்டு கணுக்களில் பிடிகொடுக்குகள் உள்ளன. முதல் இணை சிறியது. உணவை வாய்க்குக் கொண்டு செல்வதும் உணர்கொம்புகளைத் துடைப்பதும் அதன் வேலை. இரண்டாம் இணை, குறிப்பாக வளர்ந்த ஆணில், கும்பிடுபூச்சியின் முன்கால் போல மடிந்து நிற்கும் பெரிய ஆயுதம். உடலின் பின்முனையில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் கணுக்களின் மூன்று இணைக் கால்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த நகமும், அதற்கு எதிரே பிடிப்புக்கான முட்களும் உண்டு. இந்த ஆறு கால்களால் பாசியையோ கயிற்றையோ இறுகப் பற்றிக்கொண்டு, மேலுடலை நீரில் நிமிர்த்தி உணவுக்குக் காத்திருப்பதே இதன் அன்றாட வாழ்க்கை. நகர வேண்டுமானால் கொடுக்குகளால் முன்னே பற்றி, பின்கால்களை இழுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும். பிடி தவறினால் உடலை வளைத்தும் நிமிர்த்தியும் சிறிது தூரம் நீந்தும். அந்த நீச்சல் அடுத்த பிடிமானம் கிடைக்கும்வரைதான்.

இனப்பெருக்கமும் இதே போக்கில் அமைந்தது. முட்டைகள் தாயின் பைக்குள்ளேயே பொரிகின்றன. மிதக்கும் இளம்பருவம் எதுவும் இடையில் இல்லை. வெளிவரும் குஞ்சு, பிடிகொக்கிகள் முழுமையாக அமைந்த சிற்றுருவம். அது வந்ததும் செய்யும் முதல் வேலை அருகிலிருப்பதைப் பற்றிக்கொள்வது. ஆகவே ஒரு பெண்ணின் குஞ்சுகள் தாய் வாழும் அதே கயிற்றில், அதே பாசிக் கொத்தில் தங்கி, சில வாரங்களில் முதிர்ச்சி அடைந்து, அங்கேயே இனம் பெருக்குகின்றன. பிறந்த இடத்தைவிட்டு அகலாத குடும்பம், குறுகிய காலத்தில் பல தலைமுறைகளை ஒரே இடத்தில் அடுக்கிவிடும்.

பற்றிக்கொள்ளும் உடலுக்குப் பரிணாமம் என்ன வழி வகுத்திருக்கிறது என்பதை அறிய, இதன் உறவினர்களான திமிங்கிலப் பேன்களைப் பார்க்கலாம். அவையும் ஆம்பிபாட்களே. வயிற்றுப் பகுதி சுருங்கியதும், மார்பின் நடுவில் கால்களின் இடத்தைச் செவுள்கள் பிடித்ததும், பின்கால்கள் கொக்கிகளானதும் அவற்றிலும் காணப்படுகின்றன. திமிங்கிலத்தின் தோலிலேயே பிறந்து, அதிலேயே வாழ்ந்து மடியும் அவை கடலைத் தனியாகக் கடப்பதில்லை. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று ரைட் திமிங்கிலங்களின் பேன்களை ஒப்பிட்டு, வட அட்லாண்டிக், வட பசிபிக், தென்கடல் என மூன்று திமிங்கிலக் கூட்டங்களும் ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று கணித்தது. அதற்குப் பின் ஒரு தென்கடல் திமிங்கிலமாவது நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வந்திருக்க வேண்டும் என்பதையும் அப்பேன்களின் மரபணுவே காட்டிக்கொடுத்தது. பற்றி வாழும் உயிரின் பரவலில் சுமப்பவரின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் என்ற நெறி அங்கே தெளிவாகத் தெரிகிறது. கேப்ரெல்லா மியூட்டிகாவை நாம் அதே நெறியில் படிக்கலாம். இங்கே சுமந்தவை மனிதர் செய்த பொருள்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

பதிவுகளின் வரிசை இதற்கு வலுச் சேர்க்கிறது. சொந்தக் கடலில் இவ்வினம் சர்காசம் முதலான பாசிகளிலும், ஜப்பானிலும் ரஷ்யாவிலும் ஸ்காலப் சிப்பி வளர்க்கும் கட்டுமானங்களிலும் வாழ்கிறது. அதற்கு வெளியே முதற்பதிவு கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில், 1970-களில் கிடைத்தது. ஜப்பானிலிருந்து பசிபிக் சிப்பியின் குஞ்சுகளைத் தருவித்து வளர்த்து வந்த கரை அது. ஐரோப்பாவில் நெதர்லாந்தில் 1990-களின் நடுவிலும், பெல்ஜியத்தில் 1998-இலும், நார்வேயில் 1999-இலும், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் 2000-இலும் பதிவானது. அதே காலகட்டத்தில் கனடாவின் அட்லாண்டிக் கரையிலும் தென்பட்டது. 2000-களில் நியூசிலாந்தின் துறைமுகங்களில் காணப்பட்டது. சிப்பிப் பண்ணை, சால்மன் மீன் கூண்டு, உல்லாசப் படகுத் துறை, மிதவை, நங்கூரக் கயிறு, கப்பலின் அடிப்பாகம் என்று கண்டெடுத்த இடங்களின் பட்டியல் திரும்பத் திரும்ப ஒரே வகைப் பொருள்களைச் சொல்கிறது.

இந்த வரலாறு தாமதமாகத்தான் தெளிவானது. அதற்குக் காரணமும் உடலமைப்பில் இருக்கிறது. ஹம்போல்ட் விரிகுடாவில் கிடைத்தது 1977-இல் கேப்ரெல்லா அகாந்தோகாஸ்டர் என்ற வேறோர் இனத்தின் புதிய உட்பிரிவாக விவரிக்கப்பட்டது. நெதர்லாந்தில் கிடைத்தது 1995-இல் கேப்ரெல்லா மாக்கோ என்ற புதிய இனமாகவே அறிவிக்கப்பட்டது. இரண்டும் மியூட்டிகாதான் என்பது பின்னரே நிறுவப்பட்டது. மியூட்டிகாவின் ஆணில் முதல் இரண்டு கணுக்களையும் பெரிய கொடுக்கையும் மெல்லிய மயிர்கள் போர்த்தியிருக்கும். மூன்றாம் கணு முதல் முதுகில் கூரிய முட்கள் வரிசையாக நிற்கும். அந்த மயிர்ப்போர்வைதான் அகாந்தோகாஸ்டரிலிருந்து இதைப் பிரிக்கும் முக்கிய அடையாளம். ஆனால் அது வளர்ந்த ஆணில்தான் தெளிவாகத் தெரியும். பெண்ணையும் குஞ்சையும் மட்டும் கையில் வைத்திருப்பவர் எளிதில் தடுமாறுவார். ஒரு கரையில் புதிய பெயர் சூட்டப்பட்ட உயிரை அந்தக் கரைக்கே உரியது என்று எண்ணிவிடுவது இயல்பு. சரியான உடற்கூற்றியல் இல்லாமல் சரியான வரைபடம் உருவாகாது என்பதற்கு இந்த இரு பெயர்களும் சான்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இவ்வினம் தொன்றுதொட்டு எல்லாக் கரைகளிலும் இருந்திருக்கலாம். ஆய்வாளர் இப்போதுதான் கவனித்தனர் என்று ஏன் கொள்ளக் கூடாது? பல கடலுயிர்கள் விஷயத்தில் இந்த ஐயம் உண்மையாகவே நீடிக்கிறது. மியூட்டிகா விஷயத்தில் இதற்கு மரபணு விடை தருகிறது. 2008-இல் வெளியான மைட்டோகாண்ட்ரியா மரபணு ஆய்வில், ஜப்பானின் நான்கு இடங்களிலிருந்து எடுத்த 49 உயிர்களில் 31 மரபு வடிவங்கள் காணப்பட்டன. வெளிக்கரைகளிலிருந்து எடுத்த 249 உயிர்களில் கிடைத்தவை 7 மட்டுமே. நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்ந்த கூட்டத்தில் வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே போகும். சில உயிர்கள் மட்டும் தொடங்கிய புதிய குடியேற்றத்தில் அவற்றிடம் இருந்தவை மட்டுமே இருக்கும். இந்த எண்கள் பின்னதையே காட்டுகின்றன. மேலும், ஐரோப்பாவின் கரையோரங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நுணுக்கமாக ஆராயப்பட்டவை. அங்குள்ள உறவினங்களைவிடப் பெரிய, கூட்டமாக வாழும் ஓர் உயிர் அத்தனை பேர் கண்ணிலும் படாமல் இருந்தது என்பதை ஏற்பது கடினம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. வெளிக்கரைக் கூட்டங்கள் கிழக்குப் பசிபிக், அட்லாண்டிக் என இரு தொகுதிகளாகப் பிரிகின்றன. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் அவை வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தன என்பதே அதன் பொருள். மறுபுறம், அட்லாண்டிக்கின் இரு கரைகளும் இரண்டு முதன்மை மரபு வடிவங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 2009-இல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்வோ அங்குள்ள கூட்டத்தின் மூலம் அட்லாண்டிக் என்று சுட்டியது. பசிபிக் பெருங்கடலிலேயே இருக்கும் ஒரு நாட்டுக்கு, பசிபிக்கில் பிறந்த ஓர் உயிர் அட்லாண்டிக் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. எந்த நீரோட்ட வரைபடத்தாலும் இதை எளிதில் விளக்க முடியாது. கப்பல் போக்குவரத்தை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பேதும் இல்லை.

இரண்டாவது மறுப்பு மிதக்கும் பாசியைப் பற்றியது. சர்காசம் பாசிகள் பிடிப்பறுந்து காற்றுப்பைகளின் உதவியால் நெடுந்தொலைவு மிதக்கும்; அவற்றைப் பற்றிக்கொண்டு எலும்புக்கூட்டு இறாலும் கடலைக் கடந்திருக்கலாமே? குறுகிய தூரங்களுக்கு இது உண்மை; ஒரு பண்ணையிலிருந்து அடுத்த விரிகுடாவுக்குப் பரவியதில் மிதக்கும் பாசிக்குப் பங்கு இருக்க வேண்டும். ஆனால் பாசி மட்கும், மூழ்கும். பெருங்கடல் அளவுக்கு அது நிலைப்பது அரிது. மேலும், பாசியும் இவ்வினமும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரே கடலில் இருந்தும், அமெரிக்கக் கரையில் இவ்வினத்தின் முதற்பதிவு சிப்பி வணிகம் தொடங்கிய பின்னரே வருகிறது. 2011-இன் ஜப்பானிய ஆழிப்பேரலை இதற்கு ஒரு பெரும் சோதனை போல அமைந்தது. 2017-இல் வெளியான ஆய்வின்படி, அடித்துச் செல்லப்பட்ட பொருள்களைப் பற்றிக்கொண்டு 289 ஜப்பானியக் கரையோர இனங்கள் உயிரோடு பசிபிக்கைக் கடந்து ஹவாயையும் வட அமெரிக்காவையும் அடைந்தன. அவற்றைப் பல ஆண்டுகள் சுமந்தவை பிளாஸ்டிக், கண்ணாடியிழைப் படகு, துறைமுக மிதவை போன்ற மட்காத பொருள்கள். பெருங்கடலைக் கடக்கும் மிதப்பும் இன்று பெருமளவு மனிதர் செய்ததாகிவிட்டது என்பதால், இந்த மறுப்பு என் வாதத்தைத் தகர்ப்பதைவிட விரிவாக்குகிறது.

மூன்றாவது மறுப்பு: எதையும் தாங்கும் உடல் இருந்தால் எங்கும் பரவாதா? மியூட்டிகாவின் தாங்குதிறன் பெரியதுதான். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும் மகா பீட்டர் விரிகுடாவில் அது வாழ்கிறது. ஸ்காட்லாந்தில் 2007-இல் வெளியிடப்பட்ட சோதனைகளில் 2 டிகிரி செல்சியஸிலும் அது சாகவில்லை. அசைவு மட்டும் குறைந்தது. வெப்பத்தில் 28.3 டிகிரியில் பாதி உயிர்கள் மடிந்தன. 30 டிகிரியில் எதுவும் தப்பவில்லை. உப்பளவு ஆயிரத்துக்கு 16-க்குக் கீழே போனால் அனைத்தும் இறந்தன. இந்த எண்கள் அது எங்கே வாழ முடியும் என்பதற்கு விடை சொல்கின்றன. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வட அட்லாண்டிக் கரைகள் இதற்கு உகந்தவையாக நெடுங்காலமாகவே இருந்தன. இருந்தும் அது அங்கே இல்லை. தகுந்த வாழிடம் காத்திருந்தது, சுமந்து செல்ல ஆள் இல்லை.

சுமந்து சென்ற பிறகு நடந்ததையும் உடலே தீர்மானித்தது. மிதக்கும் குஞ்சுகளை ஈனும் உயிர் புதிய துறைமுகத்துக்கு வந்தால், அதன் சந்ததி நீரோட்டத்தில் சிதறி, இணை கிடைக்காமல் அழிய வாய்ப்பு அதிகம். மியூட்டிகாவின் முட்டை சுமக்கும் பெண் ஒன்று படகின் அடியிலிருந்து மிதவைக்கு மாறினால் போதும்; அதன் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று அருகிலேயே வளர்ந்து இணைசேரும். சொந்தக் கடலில் ஒரு சதுர மீட்டருக்குச் சில ஆயிரத்துக்குள் அடங்கும் இதன் அடர்த்தி, ஸ்காட்லாந்தின் மீன் பண்ணை ஒன்றில் 3 லட்சத்தையும் தாண்டியது இதனால்தான் சாத்தியமாயிற்று. நீரில் தொங்கும் கூண்டையும் கயிற்றையும் கடலடியில் மேயும் நண்டும் மீனும் எளிதில் எட்ட முடியாது என்பதும், துகள், பாசி, சிற்றுயிர், பண்ணைக் கழிவு எனக் கிடைத்ததை உண்ணும் இதன் இயல்பும் அதற்குத் துணைநின்றன. ஐரோப்பாவில் இது பெரும்பாலும் செயற்கைக் கட்டுமானங்களிலேயே பெருகுகிறது. இயற்கையான பாறைக் கரைகளில் அரிதாகவே காணப்படுகிறது. அதன் புதிய வாழிடமே நாம் கட்டியதுதான்.

இதனால் கெடுதல் என்ன என்று கேட்பவர்களுக்கு அளவோடு பதில் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஐரோப்பாவின் இரு சொந்த இனங்களோடு ஒரே இடத்தில் விட்டபோது, மியூட்டிகா குறைந்த எண்ணிக்கையில் இருந்தும் அவற்றை இடம்பெயர்த்தது. திறந்த கடலிலும் அப்படியே நடந்து சொந்த இனங்கள் அழிந்தன என்று சொல்ல அது மட்டும் போதாது. மீன்கள் இதை விரும்பி உண்கின்றன. எலும்புக்கூட்டு இறால்களை மீன் வளர்ப்புக்குத் தீவனமாக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், ஒரு குடியேற்றத்தின் விளைவு தெரியும் காலத்தில் அதைத் திருப்பி அனுப்ப வழியிருக்காது. ஆகவே தீமை நிரூபிக்கப்பட்ட பின் செயல்படுவோம் என்பது கடலைப் பொறுத்தவரை தாமதிப்பதற்கான சாக்குதான்.

தமிழர் வாழும் கரைகளுக்கும் இதில் பாடம் உண்டு. கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மியூட்டிகா நிலைக்க முடியாது. ஆனால் எலும்புக்கூட்டு இறால்களில் வெப்பக்கடல் இனங்களும் பல. அவற்றின் உடலும் பற்றி வாழும் உடலே, அவற்றைச் சுமக்கும் கப்பல்களும் இங்கே வருகின்றன. 1902-இல் இலங்கை முத்துக்குளிப்புப் படுகைகளை ஆராய்ந்த ஹெர்ட்மன் சேகரித்த எலும்புக்கூட்டு இறால்களைப் பால் மேயர் 1904-இல் விவரித்தார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட தொகுப்பிலும் இவற்றுக்கு ஒரு பகுதி உண்டு. ஒரு கரையில் முன்பு எவை இருந்தன என்ற பதிவு இருந்தால்தான் எவை புதிதாக வந்தன என்று சொல்ல முடியும். அந்தப் பழைய பட்டியல்களை இன்றைய உடற்கூற்றியலோடும் மரபணுவோடும் ஒப்பிட்டுப் புதுப்பிப்பதும், துறைமுக மிதவைகளையும் கயிறுகளையும் முறையாகச் சோதிப்பதும் பெருஞ்செலவு பிடிக்காத பணிகள். மியூட்டிகாவைக் கடல்கடந்து கொண்டு சென்றது மனிதப் போக்குவரத்து என்றால், அடுத்த இனத்தைத் தடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. படகின் அடியைத் துப்புரவு செய்வது, சிப்பிக் குஞ்சுகளைக் கடல்விட்டுக் கடல் மாற்றும்முன் பரிசோதிப்பது, துறைமுகங்களில் தொடர்ந்து கணக்கெடுப்பது ஆகிய மூன்றும் பரவலின் முதற்காரணத்தையே தொடும் நடவடிக்கைகள்.